முதல் முடி

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

இதற்கு முன் நான் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் பிரிக்கப்படாமலேயே திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ‘பெற மறுத்தார்’ என்று எழுதியிருந்தது. ஆயுள் முழுக்கத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவளின் கையெழுத்து எனக்கு அடையாளம் தெரியாதா? ஓய்வு பெற்ற பிறகும் எழுத்து கோணவில்லை, மகிழ்ச்சி. ஆகவே இந்த உறையின் மேல் முகவரியைச் சின்ன மாமாவை எழுதச் சொன்னேன். ஏமாற்று வேலைதான். பிரித்துவிட்டாய் அல்லவா, இனி படித்துவிடு. தொலைபேசியில் சொல்லலாமென்றால், உன்னுடையது என் எண்ணைக் கண்டாலே ஊமையாகிவிடுகிறது.

வாண்டு உண்டாகியிருக்கிறாள் என்று மாமா சொன்னார். உன் மகளை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயது. என் கைப்பையைக் கவிழ்த்துப்போட்டு உள்ளே எலி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பிள்ளைக்குத் தாயாகப் போகிறாள் என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது. நம்பியதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலை என்னவென்று நீ கேட்டதே இல்லை. சுண்டெலிகளுக்கு ஏன் அந்தந்த நிறத்தில் முடி முளைக்கிறது என்று பார்ப்பது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நான் வளர்த்த வம்சங்களில் ஒன்றில், பெண் எலிகள் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். வேறு குறை கிடையாது. தின்னும், ஓடும், குட்டி போடும். அவை போடும் ஆண் குட்டிகளில்தான் சிக்கல். அவற்றில் பாதிக்கு முடி வெளுத்துச் சுருண்டு முளைக்கும். அந்தக் குட்டிகள் கண் திறக்கும் பருவத்தைத் தாண்டுவதில்லை. காரணம் செம்பு. செம்புச்சத்து இல்லாமல் முடியில் கறுப்பு ஏறாது, மூளையும் வளராது. ஒரே ஒரு மரபணு பழுதானால், தின்ற செம்பெல்லாம் குடலிலேயே தங்கிவிடுகிறது. ஆக, வெளுத்த முடி நோயல்ல; உள்ளே நடப்பதை வெளியே சொல்லும் அறிவிப்புப் பலகை.

மனிதர்களிலும் அதே மரபணு, அதே பழுது. உன் இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் முடி வெளுத்து முறுகியிருக்குமே, அம்மா எண்ணெய் வைத்துப் படியவைக்கப் பார்த்துத் தோற்றுப்போவாளே, அது வாண்டுவுக்கும் இருக்கிறது. கைப்பைக்குள் எலி தேடக் குனிந்தபோது பார்த்தேன்.

பிறப்பது பெண்ணானால் பயமில்லை. ஆணானால் பாதிக்குப் பாதி. பிறந்த முதல் வாரத்திலேயே ரத்தத்தைச் சோதித்துச் செம்பு ஊசியைத் தொடங்கினால் பிழைக்க வழி உண்டு. மூளை கெட்ட பிறகு போடும் ஊசி வெறும் ஊசி. மருத்துவரிடம் காட்ட வேண்டியதைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். தாளை மட்டும் காட்டு.

அக்கா

பிப்ரவரி 20

மாமாவின் கையெழுத்தைப் பார்த்ததும் மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப் பிரித்தேன். உள்ளே நீ. இந்த வயதிலும் உனக்குக் குறுக்கு வழி தேவைப்படுகிறது.

தாளைக் காட்டச் சொல்கிறாய். உனக்கு என்றுமே தாளும் கூண்டும்தான். நான் ஞாபகம் வைத்திருப்பது வேறு. என் பையன் மொட்டைத் தலையோடு பிறந்தான். மூன்றாம் மாதத்துக்கு மேல்தான் முடி முளைத்தது, வெள்ளிக் கம்பிபோல. முத்தமிட்டால் உதட்டில் குத்தும். ராஜா வீட்டுப் பிள்ளை என்று தெருவே கொஞ்சியது. கழுத்து மட்டும் நிற்கவே இல்லை. ஒவ்வொரு வலிப்புக்கும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவனுக்கு ஒரு வயது முடியவில்லை.

அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நீ வாசலில் வந்து நின்றாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எங்க எலிங்களும் இப்படித்தான்” என்றாய், அத்தனை பேர் காதிலும் விழும்படி. அதற்கு மேல் உன்னைப் பேச நான் விடவில்லை. என் கொழுந்தன் உன் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். என் பிள்ளையின் முகம்கூட இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் வருவதில்லை. அந்த வாக்கியம் வருகிறது.

வாண்டுவுக்கு ஒரு தம்பி இருந்தது தெரியும். காய்ச்சலில் போனான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது போதும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைக் கூப்பிட்டு, உன் உடம்பிலேயே இருக்கிறது, என்னிடமிருந்துதான் வந்தது என்று சொல்லச் சொல்கிறாயா? நீ சொல்வாய். உனக்குப் பிள்ளை இல்லை.

இனி எழுதாதே. தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

எனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதியிருக்கிறாய். தகவலுக்கு நன்றி.

என்மேல் உள்ள கோபத்தை நீ விரும்புகிற வரை வைத்துக்கொள். நான் அதைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. ஆனால் அது என்மேல் உள்ள கோபமாகவே இருக்கட்டும். வாண்டுவின் வயிற்றில் இருப்பவன் தலையில் போய் விழ வேண்டாம்.

உன்னிடமிருந்து வந்தது என்று சொல்ல நா எழவில்லை என்கிறாய். உனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா அதைக் கடையில் பார்த்து எடுக்கவில்லை. எனக்கு வரவில்லை என்பதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நாணயத்தைச் சுண்டியது யாரோ. பூ உனக்கு விழுந்தது, தலை எனக்கு. திட்டுத் திட்டான பெண் எலியை நான் ஒருநாளும் குற்றவாளியாகப் பார்த்ததில்லை. உன்னை எப்படிப் பார்ப்பேன்?

மறுபடி எலி என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை அடிக்கவில்லை; அடித்தால் நீ அதைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய்.

யார் சொன்னது என்று கேட்டால் பத்திரிகையில் படித்ததாகச் சொல். என்னைப் பற்றிய பேச்சே வேண்டாம். தாளை மறுபடி எழுதி இணைத்திருக்கிறேன். இதையும் கிழிக்கலாம். என்னிடம் தாளுக்குப் பஞ்சமில்லை.

அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

இரண்டாவது தாளையும் கிழித்தேன். கிழித்ததைச் சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டது என் முட்டாள்தனம். வாண்டு அதைப் பொறுக்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிர முடியாத வயிற்றோடு இந்த வேலை. யார் கையெழுத்து என்று கேட்டாள். பெரியம்மா என்றேன். எலிப் பெரியம்மா உயிரோடதான் இருக்காங்களா என்று ஆச்சரியப்பட்டாள். அந்தக் கைப்பையை அவள் மறக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தம்பிக்கு வந்தது காய்ச்சல் இல்லை என்பதை. அவள் அழுவாள் என்று தண்ணீரோடு தயாராக நின்றேன். அவள் காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். “இதுக்குத்தானாம்மா மாசாமாசம் சாயம் பூசிக்கிட்டிருந்தேன்?” என்றாள். அவ்வளவுதான். அதற்கு நான்தான் அழுதேன்.

இங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவர் சின்னப் பெண். அந்த நோயின் பெயரைப் பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி என்று ஒப்புக்கொண்டாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. ரத்தச் சோதனை இங்கே முடியாதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையையே கொண்டுபோக வேண்டும். காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம் போய்ச் சேரும் ஊர். மாப்பிள்ளைக்கு அரை மனது. ஆனாலும் பிறந்தது ஆணென்றால் போவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

நீ போன் பண்ண வேண்டாம். உன் குரலைக் கேட்டால் அந்த வாசல் வந்து நிற்கும். எழுது. எழுத்தில் உன்னைக் கொஞ்சம் தாங்க முடிகிறது.

தங்கை

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

கீழே ‘தங்கை’ என்று போட்டிருந்தாய். பார்த்தேன். அதைப் பற்றி எழுதி உன்னைச் சங்கடப்படுத்தப் போவதில்லை.

இங்கே நான் மட்டும்தான். எலி அறையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள் அதைக் கணினி அறையாக்கிவிட்டார்கள். மரத்தூள் வாடை போய்விட்டது. என் சேலைகளில் மட்டும் போகவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி முகத்தைச் சுளிக்கிறாள். வாண்டுவிடம் சொல், என் கைப்பையில் எப்போதுமே எலி இருந்ததில்லை. இருந்தது மிட்டாய். அவள் கிளறியது பையின் தவறான அறையை.

அக்கா

மே 19

அக்கா,

பிள்ளை பிறந்துவிட்டான். ஆண். குறித்த நாளுக்கு முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான், எடை குறைவு. வாண்டு நலம்.

கேள், தலை நிறைய முடி. கறுப்பு. கன்னங்கரேலென்று, நனைத்து வாரி விட்டதுபோல நெற்றி வரை இறங்கியிருக்கிறது. தாதி தூக்கிக் காட்டியபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தேன். சன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். ஓர் இழைகூட வெளுப்பில்லை. தடவினால் பட்டு.

இப்போது என்ன செய்வது, சொல். அந்தச் சின்ன மருத்துவர், இந்த எடையில் இவ்வளவு தூரம் ரயிலில் கொண்டுபோவது அவ்வளவு நல்லதில்லை, ஆனாலும் உங்கள் குடும்பத்தில் இருக்கிறதென்றால் முடிவு உங்களுடையது என்கிறாள். மாப்பிள்ளை என் வாயைப் பார்க்கிறார். வாண்டு, பெரியம்மாவைக் கேளு, அவங்க சொன்னா இப்பவே கிளம்பறேன், வேண்டாம்னா தூங்கறேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு. நீ சொல்வதைச் செய்கிறோம்.

தங்கை

மே 22

சின்னவளே,

கறுப்பா? வெயிலில் பார்த்தாயா? நீ எழுதிய அந்த வரியை எழுந்து நின்று படித்தேன். எதற்காக எழுந்தேன் என்று தெரியவில்லை. பிறகு உட்கார மறந்துவிட்டேன்.

அப்படியானால் விட்டுவிடு. பச்சைக் குழந்தையை ரயிலில் போட்டு உலுக்க வேண்டாம். என் எலிக்குட்டிகள் வெறும் தோலாகத்தான் பிறக்கும். முதல் முடி எட்டிப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருப்போம். அன்று கூண்டின் மூடியைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும். கறுத்தது இருக்கும், வெளுத்தது போகும். அந்த முதல் முடி என்னிடம் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. செம்பு சேராத உடம்பில் கறுப்பு ஏறவே ஏறாது. நாணயம் இந்த முறை நம் பக்கம் விழுந்திருக்கிறது. மற்ற எதிலும் நீ என்னை நம்ப வேண்டாம், எலிமுடியில் நம்பலாம்.

வாண்டுவைத் தூங்கச் சொல். நன்றாகத் தூங்கச் சொல்.

பிள்ளைக்கு ஒரு கம்பளிக் குல்லாய் பின்னத் தொடங்கியிருக்கிறேன். எனக்குப் பின்னத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தருகிறாள். என் சேலையின் வாடையை மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது.

அக்கா

ஜூலை 20

அக்கா,

குல்லாய் வந்தது. மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். வாண்டு சிரித்துச் சிரித்துப் பாலூட்ட முடியாமல் தவித்தாள். மாப்பிள்ளை அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்வந்தார். உனக்கு என்ன வந்தாலும் சரி, கைவேலை வராது. பள்ளிக்கூடத்தில் உன் கைக்குட்டைக்கும் நான்தானே ஓரம் தைத்தேன்.

குட்டிப் பையன் சாது. அழுவதே இல்லை. பால் குடிக்கும்போதே தூங்கிப்போகிறான், கன்னத்தைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு சோம்பேறி நம் வீட்டில் பிறந்ததில்லை என்று கிண்டல் செய்கிறோம். வீடு முழுக்க அவன் முடி. பிறந்த முடி கொட்டிக்கொண்டிருக்கிறது, தலையணை உறை முழுக்கக் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கொட்டுவதுதானே. முதல் முடி ஆயிற்றே என்று பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

நீ ஒருதடவை வந்துவிட்டுப் போயேன். வாசலில் நான்தான் நிற்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு வா.

தங்கை

ஜூலை 24

சின்னவளே,

உன் கடிதம் இன்று காலை வந்தது. அப்போதிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறேன். நீ எடுக்கவில்லை, அல்லது இன்னும் என் எண்ணை விடுவிக்கவில்லை. மாமாவையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். எது முதலில் வந்து சேருமோ.

கொட்டிய இடத்தில் புதிதாக முளைப்பது என்ன நிறம்? வெயிலில் பார். தடவிப் பார். எந்த நிறமாக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டு. இன்றைக்கே ரயில் ஏறுங்கள். நான் முன்பு எழுதியதைக் கணக்கில் எடுக்காதே. வாண்டுவிடம் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காதே. போ.

அக்கா

ஆகஸ்ட் 30

அக்கா,

மாமா போன் செய்தபோது நாங்கள் ரயிலில்தான் இருந்தோம். உன் கடிதத்துக்கு முன்னாலேயே அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த வலிப்பைத் தெரியும். கண் ஒரு பக்கமாகப் போவதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் படித்துக்கொண்டாள்.

செம்பு ஊசி போடுகிறார்கள். பெரிய மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இவனுக்கு நாளைத் தள்ளலாம், ஆளை மீட்க முடியாது என்றார். பிறந்த உடனே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். குடும்பத்தில் இருப்பது முன்பே தெரியுமா என்று கேட்டார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். கடைசியில், நான்தான் வேண்டாம் என்று சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். வாண்டு அன்று அரைத் தூக்கத்தில் இருந்தாள். நீ எழுதிய கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை, பெரியம்மா சரி என்கிறாள், தூங்கு என்று வாயால்தான் சொன்னேன். இப்போது, பெரியம்மா அரை மனதாக எழுதியிருந்தாள், நான்தான் பயணத்துக்குப் பயந்து மாற்றிச் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னை இன்னொரு வாசலில் நிறுத்த எனக்கு மனமில்லை. வாண்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளையை என் கையில் தருவதில்லை. நான் தொட்டிலைத் தொட்டால் எழுந்து அறையை விட்டுப் போய்விடுகிறாள். பரவாயில்லை. என்மேல் கோபமாக இருக்கும் நேரத்தில் அவள் அழாமல் இருக்கிறாள்.

இரண்டு காகித மடிப்பு அனுப்பியிருக்கிறேன். கறுப்பு, பிறந்த முடி. மற்றது இப்போது முளைப்பது. உனக்குப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரியும்.

ஒன்று கேட்கிறேன். அன்று வாசலில் நின்று, எங்க எலிங்களும் இப்படித்தான் என்றாய். மீதியைச் சொல்ல நான் விடவில்லை. மீதி என்ன?

தங்கை

செப்டம்பர் 5

சின்னவளே,

மீதி இதுதான்: “செம்பு குடுத்தா பொழைச்சுக்குதுங்க.”

உன் பையனின் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனவள், அந்த வெளுத்த குட்டிகளுக்குச் செம்பு ஊசி போடத் தொடங்கினேன். முதலில் ஊசி போட்ட குட்டிகள் எல்லாம் போயின. அவற்றுக்குக் காலம் கடந்து போட்டிருந்தேன். அடுத்து, கண் திறக்கும் முன்பே போட்டவை பிழைத்தன. ஓடின. முதுகில் கறுப்பு ஏறியது. அன்று காலை அதைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், உனக்குப் புரிகிற மாதிரி எளிமையாக இருக்க வேண்டுமே என்று. வாசலில் கூட்டத்தைப் பார்த்தேன். கூடத்தில் அவனைப் பார்த்தேன். வாய் மட்டும் பார்க்கவில்லை. பேருந்தில் பழகியதைச் சொல்லத் தொடங்கிவிட்டது. நீ பாதியில் நிறுத்தினாய். பிள்ளையைக் கிடத்திய இடத்தில் மற்ற பாதியையும் கேட்டிருந்தால் உனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அந்தப் பாதியை நான் வைத்துக்கொண்டேன். சொன்ன பாதிக்காக நீ என்னை வெறுத்தது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

மடிப்புகளைப் பார்த்தேன். வெளுத்ததைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வோர் இழையும் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கறுத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலிக்கு முடி முளைப்பது பிறந்த பிறகு, தன் செம்பைக் கொண்டு. மனிதக் குழந்தைக்கு முதல் முடி வயிற்றுக்குள்ளேயே முளைத்துவிடுகிறது, தாயின் செம்பைக் கொண்டு. அந்தக் கறுப்பு அவனுடையது இல்லை, வாண்டு கொடுத்தது. கொடுக்க முடிந்த வரை கொடுத்திருக்கிறாள். அது தீர்ந்ததும் கொட்டியது. எலிகளோடு ஓர் ஆயுளைக் கழித்தவளுக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். மருத்துவம் படித்த யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, உன் கடிதத்தை எழுந்து நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

இனிச் செய்ய வேண்டியது. மே மாதம் நான் எழுதிய கடிதத்தை எடுத்து வாண்டுவின் கையில் கொடு. அரை மனதாக எழுதினேன் என்று நீ கட்டிய கதை நிற்காது. அதில் அரை மனது எங்கும் இல்லை, அவள் படித்தால் தெரியும். அவளுக்குக் கோபப்பட ஓர் ஆள் வேண்டும் என்பது சரி. அந்த ஆள் நீயாக இருக்கக் கூடாது. தொட்டில் பக்கத்தில் அவளுக்கு நீ தேவைப்படுவாய். இந்த வழியில் முன்பே நடந்தவள் அந்த வீட்டில் நீ ஒருத்திதான். நான் தூரத்தில் இருக்கிறேன். வெறுக்கப்பட்டுப் பழக்கம் இருக்கிறது. அந்த வேலைக்கு என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

அவளிடம் இன்னும் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், என்றைக்காவது அவள் காது கொடுக்கும்போது. அடுத்த பிள்ளைக்கு யாரும் தலையைப் பார்க்காதீர்கள். ரத்தத்தைப் பாருங்கள்.

அவளுக்கும் நேராக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இதனோடு தனி உறையில். பிரிக்க மாட்டாள். திருப்பி அனுப்ப வேண்டும் என்பாள். உறையின் முதுகில் என்ன எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு.

அக்கா